மாநகராட்சிக்காக எழுந்து நிற்பவர்

‘மாநகராட்சிக்கு உயர் நீதிமன்றம் சரமாரிக் கேள்வி.’ மாதத்துக்கு இரண்டு முறையாவது இப்படி ஒரு தலைப்பை நாளிதழில் பார்த்துவிடுகிறோம். மூடாமல் விட்ட மழைநீர் வடிகால், ஏரிக்கரையில் கொட்டிய குப்பை, அகற்றாத ஆக்கிரமிப்பு என்று காரணம் ஏதாவது ஒன்று இருக்கும். படிக்கிற நமக்கும் உள்ளுக்குள் ஒரு சின்ன திருப்தி. ‘நல்லா கேட்டாங்கப்பா’ என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம்.

அந்தக் கேள்விகளை நேரில் வாங்கிக்கொண்டவர் மேயர் இல்லை. ஆணையர் பெரும்பாலும் இல்லை. வடிகாலைத் திறந்து போட்டுவிட்டுப் போன ஒப்பந்ததாரர் நிச்சயமாக இல்லை. கறுப்பு அங்கியில் எழுந்து நின்ற ஒரு வக்கீல்தான் வாங்கிக்கொண்டார். குழி தோண்டியதில் அவருக்கு எந்தப் பங்கும் கிடையாது. வழக்குக் கட்டே முந்தின நாள் மாலைதான் அவர் கைக்கு வந்திருக்கும்.

கோர்ட் வட்டாரத்தில் இவரை ‘ஸ்டாண்டிங் கவுன்சில்’ என்பார்கள். ஊர்க்காரர்களுக்கு ‘முனிசிபாலிட்டி வக்கீல்’. தமிழ்நாட்டில் 25 மாநகராட்சிகள், நூற்றுக்கும் மேற்பட்ட நகராட்சிகள், 388 ஊராட்சி ஒன்றியங்கள், பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. சட்டத்தின் கண்ணில் இவை ஒவ்வொன்றும் ஓர் ஆள். வழக்குத் தொடுக்கலாம், வழக்குத் தொடுக்கப்படலாம். இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சியான சென்னை, 1688-ல் தொடங்கப்பட்ட நாளிலிருந்து இப்படி ஓர் ஆளாக இருந்து வருகிறது. பேச வாய் மட்டும் கிடையாது. வாய் வக்கீலிடம் இருக்கிறது.

அந்த வாய்க்கு வேலை நிறைய. சொத்து வரியை எதிர்த்து ஒருவர் வருவார். கட்டட அனுமதி மறுத்ததை எதிர்த்து இன்னொருவர். பேருந்து நிலையக் கடை ஏலத்தில் தோற்றவர், பில் பாக்கிக்காகக் காத்திருக்கும் ஒப்பந்ததாரர், பதவி உயர்வு கிடைக்காத சுகாதார ஆய்வாளர், ஓய்வூதியக் கணக்கு தப்பாகிவிட்ட மின்பணியாளர், நாய் கடித்த குழந்தையின் அப்பா, குப்பை லாரி மோதி இறந்தவரின் மனைவி. எல்லோருக்கும் எதிரில் நிற்பவர் ஒருவரே. குற்றவாளிக்காக வாதாடும் வக்கீலைப் பற்றி எத்தனையோ சினிமா வந்துவிட்டது. ஊருக்கு எதிராக ஊருக்காகவே வாதாடும் இவரைப் பற்றி யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை. எடுத்தாலும் ஓடாது.

ஃபைல் எங்கே?

இந்தத் தொழிலில் பாதி வழக்குகளின் தலைவிதி நீதிமன்றத்துக்கு வெளியில்தான் முடிவாகிறது, நகராட்சி அலுவலகத்தின் ஒரு பீரோவுக்குள்.

அரசின் மீது உரிமையியல் வழக்குப் போடுவதற்கு முன் இரண்டு மாத அவகாசம் கொடுத்து அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-வது பிரிவு. உள்ளாட்சிச் சட்டங்களிலும் இதேபோன்ற ஏற்பாடு உண்டு. நோக்கம் நல்ல நோக்கம். தப்பு நம் பக்கம் இருந்தால் வழக்கு வருவதற்குள் சரிசெய்துகொள்ளலாம். நடப்பதோ வேறு. அறிவிப்பு தபால் பிரிவுக்கு வரும். முத்திரை விழும். பொறியியல் பிரிவுக்குப் போகும். ‘வருவாய்ப் பிரிவு சம்பந்தப்பட்டது’ என்று அங்கிருந்து கிளம்பும். இரண்டு மாதம் ஓடிவிடும். சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-ல் இதைத்தான் சுட்டிக்காட்டியது. பெரும்பாலான அறிவிப்புகளுக்குப் பதிலே போவதில்லை, போனாலும் பட்டும் படாமலும் போகிறது என்று வருந்தி, பதில் அனுப்பப் பொறுப்பான ஓர் அதிகாரியை நியமிக்கச் சொன்னது. அப்படி ஓர் அதிகாரி தங்கள் ஊர் நகராட்சியில் யார் என்று வாசகர்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

வழக்கு வந்த பிறகு பதிலுரை போட 30 நாள். மன்றாடினால் 90 நாள். பதிலுரை எழுதுவது வக்கீல். ஆனால் அதற்கான சரக்கு அலுவலகத்திலிருந்து வர வேண்டும். மனுவின் ஒவ்வொரு பாராவுக்கும் ‘இது உண்மை’, ‘இது உண்மையல்ல’, ‘இது பதிவேட்டில் இன்ன பக்கத்தில் இருக்கிறது’ என்று எழுதித் தரும் குறிப்புரைக்குப் ‘பாராவைஸ் ரிமார்க்ஸ்’ என்று பெயர். இந்தத் தாளுக்காகத்தான் முனிசிபாலிட்டி வக்கீலின் குமாஸ்தா நடையாய் நடக்கிறார். எழுதித் தர வேண்டிய உதவிப் பொறியாளர் காலையில் வார்டு ஆய்வில் இருப்பார், மாலையில் ஆட்சியர் கூட்டத்தில். நடுவில் மாற்றலாகிவிட்டால் புதிதாக வந்தவருக்கு அந்தத் தெருவே தெரியாது. கடைசியில் வந்து சேரும் குறிப்புரையில் பல சமயம் ஒரே வரிதான் இருக்கும்: ‘மனுதாரர் கூறுவது அனைத்தும் தவறு.’ தெருப் பெயர்கூடவா தவறு என்று நீதிபதி கேட்டால் வக்கீல் என்ன சொல்வார்?

தாளே வராமல் போனால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. அதை நீக்கச் சொல்லி மனு, அதற்கான தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இன்னொரு மனு. அரசு அலுவலகம்தானே, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்று நீதிமன்றங்கள் விட்டுக்கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 2012-ல் அஞ்சல் துறை 427 நாள் தாமதத்தோடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது அந்தக் கதவு ஏறக்குறைய மூடப்பட்டது. ஃபைல் மேசைக்கு மேசை நகர்ந்த கதையெல்லாம் இனிமேல் காரணமாகாது, காலக்கெடு அரசுக்கும் ஒன்றுதான் என்றது தீர்ப்பு. அதன் பிறகும் ஃபைல் அதே வேகத்தில்தான் நகர்கிறது.

கடைசிக் கட்டத்தில் அமீனா வருவார். தீர்ப்புப் பணம் கட்டாததால் அரசுப் பேருந்து ஜப்தி, அலுவலக நாற்காலி மேசை ஜப்தி என்று செய்தி வருகிறதே, அதன் வேர் எங்கேயோ ஒரு பீரோவுக்குள் கிடக்கும் பதில் எழுதாத தாளில் இருக்கும்.

கையிருப்பில் உள்ள வாதங்கள்

உள்ளாட்சிக்காக வாதாடுபவரின் கையில் ஒரு காலத்தில் பெரிய கேடயம் இருந்தது. அரசன் தவறு செய்ய மாட்டான், ஆகவே அரசன்மீது வழக்கு இல்லை என்பது அது. 1861-ல் தீர்ப்பான ஒரு வழக்கு: கல்கத்தாவின் கிதர்ப்பூர் கப்பல் துறையில் அரசு வேலையாட்கள் தூக்கிச் சென்ற இரும்புத் துண்டு கீழே விழ, ஒரு கப்பல் கம்பெனியின் வண்டிக் குதிரை மிரண்டு காயம்பட்டது. கம்பெனி நஷ்டஈடு கேட்டு ஜெயித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு ஒரு கோட்டையும் கிழித்துவிட்டுப் போனது: வணிகம்போன்ற வேலையில் அரசு பொறுப்பு, ஆட்சி அதிகாரத்தைச் செலுத்தும் வேலையில் பொறுப்பில்லை. அந்தக் கோட்டின் மறுபக்கம் நின்றுதான் 1965-ல் உத்தரப் பிரதேச அரசு தப்பித்தது. மீரட்டில் ஒரு நகை வியாபாரியிடம் போலீஸ் கைப்பற்றிய தங்கத்தைத் தலைமைக் காவலர் எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். அரசு பொறுப்பில்லை என்றது உச்ச நீதிமன்றம். 1993-ல் ஒடிசாக் காவல் மரண வழக்கில்தான் இந்தக் கேடயம் உடைந்தது. வாழும் உரிமை பறிபோன இடத்தில் இறையாண்மை என்று பேச முடியாது என்று சொல்லி, இறந்தவரின் தாய்க்கு 1,50,000 ரூபாய் கொடுக்கச் சொன்னார்கள். இன்று ரிட் மனுவிலேயே இழப்பீடு கேட்க முடிவது அந்த வழியில் வந்த உரிமை.

அடுத்த கேடயம் ‘நிதி இல்லை’. சாக்கடை ஏன் கட்டவில்லை, கழிப்பறை ஏன் இல்லை என்றால் நகராட்சி வக்கீல் வரவு செலவுக் கணக்கை எடுத்து நீட்டுவார். மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகராட்சி அதைத்தான் செய்தது. 1980-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டார். மனிதர் கௌரவமாக வாழ்வதற்கான அடிப்படைக் கடமையிலிருந்து தப்பிக்கக் காலிக் கஜானாவைக் காட்டக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. நகராட்சிப் பதிலுரைகளில் ‘நிதி ஒதுக்கீடு பெறப்பட்டவுடன்’ என்ற தொடரை இன்னும் பார்க்கலாம்.

சாந்தினி சவுக்கில், நகர மண்டபத்துக்கு எதிரே, ஒரு மணிக்கூண்டு இடிந்து விழுந்ததில் இறந்த மூவரின் வாரிசுகள் டெல்லி நகராட்சி மீது வழக்குப் போட்டார்கள். உள்ளே இருந்த பழுது வெளியே தெரியவில்லை, எங்களுக்கு எப்படித் தெரியும் என்பது நகராட்சியின் வாதம். கூண்டுக்கு வயது 80. அதில் பூசிய சாந்துக்கு ஆயுள் 40 அல்லது 45 ஆண்டுதான் என்று சாட்சியம் சொன்னது. தெரியவில்லை என்பது சரி, பார்த்தீர்களா என்பதே கேள்வி என்ற திசையில் போனது உச்ச நீதிமன்றத்தின் 1966 தீர்ப்பு. இடிந்து விழுந்ததே சாட்சி. பராமரித்தோம் என்று நிரூபிக்க வேண்டியது நகராட்சி. பள்ளிச் சுவர், நிழற்குடை, மேல்நிலைத் தொட்டி என்று எது விழுந்தாலும் முனிசிபாலிட்டி வக்கீலின் தூக்கத்தைக் கெடுக்கிற தீர்ப்பு அது.

அவருக்கு ஆறுதலான தீர்ப்புகளும் இல்லாமல் இல்லை. ராஜ்கோட்டில் 1975-ல் சாலையில் போன ஒருவரின்மேல் சாலையோர மரம் சாய்ந்து அவர் இறந்தார். கீழ் நீதிமன்றம் குடும்பத்துக்கு 45,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. மாநகராட்சி விடவில்லை. 1997-ல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது. ஊரில் உள்ள ஒவ்வொரு மரத்தையும் சோதித்துக்கொண்டே இருக்கும் கடமையை மாநகராட்சியின் தலையில் ஏற்ற முடியாது என்று முடிவானது. டெல்லி உப்ஹார் திரையரங்கத் தீவிபத்தில் 59 பேர் இறந்தார்கள். அந்த வழக்கிலும் இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து மாநகராட்சியை 2011-ல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. சட்டப்படி இரண்டும் விவாதிக்கத் தகுந்த தீர்ப்புகள், நான் மறுக்கவில்லை. ஆனால் 45,000 ரூபாய்க்காக இருபத்திரண்டு ஆண்டு, மூன்று நீதிமன்றம். இதை வெற்றி என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

‘இது எங்க ரோடு இல்லை, ஐயா’

தமிழக நீதிமன்றங்களில் அதிகம் ஒலிக்கும் தற்காப்பு எது என்று கேட்டால் இதைச் சொல்வேன். ஒரே தெருவில் தார் போடுவது ஒருவர், அதை வெட்டுவது ஐந்து பேர். சாலை மாநகராட்சியுடையதாக இருக்கலாம், மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம், தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையதாகவும் இருக்கலாம். அடியில் போகும் கழிவுநீர்க் குழாய் சென்னையில் 1978-லிருந்து குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மழைநீர் வடிகால் மாநகராட்சி. கேபிள் மின்வாரியம். நடுவில் மெட்ரோ ரயில் தடுப்பு. இரவில் ஒரு குழியில் விழுந்து ஒருவர் இறந்துவிட்டால், எந்தக் குழாய்க்காகத் தோண்டிய குழி என்று கண்டுபிடித்து வழக்குப் போட வேண்டிய பாரம் அவர் மனைவியின் தலையில் விழுகிறது.

இந்த வாதம் பொய்யல்ல. பல சமயம் உண்மை. பிறர் செய்த பிழைக்கு ஊர் வரிப்பணத்தைக் கொடுக்கக் கூடாது என்று பார்ப்பது வக்கீலின் கடமையும்கூட. என் ஆட்சேபம் அது சொல்லப்படும் நேரத்தைப் பற்றியது. முதல் அறிவிப்பு வந்த வாரமே ‘இது நெடுஞ்சாலைத் துறையின் சாலை, இன்ன கோட்டப் பொறியாளரை அணுகவும்’ என்று ஒரு கடிதம் போட்டிருந்தால் அது தற்காப்பு. சாட்சி விசாரணை முடிந்து நான்காவது ஆண்டில் எடுத்து வைத்தால் அதற்குப் பெயர் வேறு. நல்ல நகராட்சி வக்கீல் பதிலுரையின் முதல் பக்கத்திலேயே சரியான தரப்பைக் காட்டிவிடுவார். எதிர்த்தரப்பு வக்கீல் அவருக்கு நன்றி சொன்ன சம்பவங்களும் உண்டு.

கையெழுத்து

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நகராட்சி வழக்குகள் ஏன் முடிவதே இல்லை?

தோற்கப்போகும் வழக்கு எது என்று வக்கீலுக்கு முதல் நாளே தெரியும். நகராட்சி லாரி, நகராட்சி ஓட்டுநர், தவறான பாதை, சாட்சி இருவர், போலீஸ் குற்றப்பத்திரிகை. ‘பேசி முடித்துவிடலாம்’ என்று அவர் எழுத்தில் கருத்துரை கொடுப்பார். அந்தக் கருத்துரை ஃபைலோடு மேலே போகும். மேலே போனது கீழே வராது. காரணம் ஊழலும் அல்ல, கல்நெஞ்சும் அல்ல. பயம். இன்றைக்கு ஐந்து லட்சம் கொடுத்து முடிக்க ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்டால், நாளை உள்ளாட்சி நிதித் தணிக்கையில் கேள்வி வரும்: கோர்ட் சொல்லாமலே ஏன் கொடுத்தாய்? மூன்று லட்சத்துக்கு முடித்திருக்க முடியாதா? உனக்கு இதில் எவ்வளவு? தணிக்கைத் தடை ஒன்று விழுந்தால் ஓய்வுபெறும் நாளில் பணப்பலன் நின்றுபோகும். எட்டு ஆண்டு இழுத்து, தோற்று, தீர்ப்பைக் காட்டிக் கொடுத்தால் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. விபத்துத் தீர்ப்பாயங்கள் பல வழக்குகளில் 7.5 விழுக்காடு வட்டி போடுகின்றன. ஐந்து லட்சத்துக்கு எட்டு ஆண்டில் மூன்று லட்சம் வட்டி. செலவுத் தொகை தனி, மேல்முறையீட்டுக் கட்டணம் தனி. அந்த மூன்று லட்சம் அதிகாரியின் பயத்துக்கு ஊர் கொடுக்கும் விலை. வட்டியாகப் போனதைத் தணிக்கை இழப்பாகவே பார்ப்பதில்லை. கையெழுத்துப் போட்டவரைத்தான் அது கேட்கிறது, போடாமல் இருந்தவரை விட்டுவிடுகிறது. மேல்முறையீடும் இதே கதைதான். ‘மேல்முறையீடு தேவையில்லை’ என்று எழுதத் துணிச்சல் வேண்டும். ‘மேல்முறையீடு செய்யலாம்’ என்று எழுத ஒன்றும் வேண்டாம்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி நடக்கும் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்தால், அந்த முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். மேல்முறையீடு கிடையாது. கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பி வரும். அதிகாரியின் கையெழுத்துக்கு மேலே ஒரு நீதிமன்ற முத்திரை விழுந்துவிடுவதால் தணிக்கைக்கும் காட்டலாம். காப்பீட்டு நிறுவனங்கள் விபத்து வழக்குகளை இந்த வழியில் கட்டுக் கட்டாக முடிக்கின்றன. உள்ளாட்சிகள் வாசல் வரை வந்துவிட்டு ‘மேலிடத்து உத்தரவு வரவில்லை’ என்று வாய்தா வாங்கிக்கொண்டு போகின்றன. விஷயம் தெரிந்த வக்கீல், மக்கள் நீதிமன்றத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே ஆணையரையும் கணக்கு அலுவலரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, எந்த வழக்கில் எவ்வளவு வரை போகலாம் என்று வாங்கிவிடுவார். நீதிமன்றத்தில் அவர் செய்யும் எந்த வாதத்தையும்விட அந்த ஒரு மணி நேரம் ஊருக்கு லாபம்.

கழிவுநீர்த் தொட்டி மரணங்களில் மட்டுமாவது இந்த இழுவை நின்றிருக்க வேண்டும். 1993-க்குப் பிறகு இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் என்று 2014-லேயே உச்ச நீதிமன்றம் தொகையைத் தீர்மானித்துவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. எவ்வளவு என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆனாலும் ‘அவர் எங்கள் ஊழியர் அல்ல, ஒப்பந்ததாரரின் ஆள்’ என்ற பதிலுரை வந்துகொண்டுதான் இருக்கிறது. இப்படி ஒரு பதிலுரையில் தன் பெயரைப் போட மறுக்கும் உரிமை வக்கீலுக்கு உண்டு. அதைப் பயன்படுத்துவோர் கொஞ்சம் பேர்.

பள்ளிக்கூடத்திலிருந்து வரும் போன்

நகராட்சியைப் போலவே பள்ளிகளுக்கும் வக்கீல் உண்டு. அவருக்கு வாழ்க்கை வேறு மாதிரி. ஃபைலுக்காக அவர் காத்திருப்பதில்லை. இரவு பத்து மணிக்குத் தாளாளரே போன் செய்துவிடுவார். கட்டணம், மாற்றுச் சான்றிதழ், ஆசிரியர் பணிநீக்கம் எல்லாம் பகல் வேலை. 2020-ல் கொரோனாவால் பள்ளி மூடிக் கிடந்தபோது கட்டணம் வாங்கலாமா என்ற வழக்கில், முதற்கட்டமாக 40 விழுக்காடு வாங்கிக்கொள்ள உயர் நீதிமன்றம் அனுமதித்தது. அந்த உத்தரவுக்காகத் தனியார் பள்ளி வக்கீல்கள் நன்றாகவே உழைத்தார்கள். கட்டணப் பாக்கிக்காக மாற்றுச் சான்றிதழை நிறுத்தி வைக்கும் பழக்கத்தில் 2024-ல் தோற்றார்கள். தோற்க வேண்டிய வழக்குதான் அது.

இரவு பத்து மணிக்கு வரும் போன் வேறு வகை. ஒரு குழந்தை எதையோ வீட்டில் சொல்லிவிட்டது. பெற்றோர் வாசலில் நிற்கிறார்கள். ‘முதல்ல நாங்களே விசாரிச்சுட்டு அப்புறம் பாத்துக்கலாமா சார்?’ என்று மறுமுனை கேட்கும். இந்த இடத்தில் வக்கீலின் பதில் ஒரே சொல்லாக இருக்க வேண்டும்: கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி தகவல் தெரிந்தவுடன் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். தன்கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது 21-வது பிரிவு. குழந்தையின் அடையாளம் வெளியே போகக் கூடாது. பள்ளியின் பெயரைக் காப்பாற்ற வந்தவர், பெயரை மறந்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதுவே பள்ளிக்கும் தற்காப்பு என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தாளாளருக்குப் புரியும். இப்படிச் சொன்னதற்காக வேறு வக்கீலைத் தேடிப் போன நிர்வாகங்களும் உண்டு.

பள்ளியின் பொறுப்பு கேட்டோடு முடிவதில்லை. 1995-ல் பஞ்சாபின் பட்டான்கோட் அருகே ஒரு பள்ளி பியாஸ் ஆற்றுக்குக் குழந்தைகளைச் சுற்றுலா கூட்டிப் போனது. 14 பேர் மூழ்கினார்கள். கூடப் போன ஆசிரியர்களின் அலட்சியத்துக்குப் பள்ளி நிர்வாகமே பொறுப்பு என்று சொல்லி, ஒவ்வொரு குழந்தைக்கும் ஐந்து லட்சம் என்பதை 2001-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2012 ஜூலையில் சென்னை தாம்பரம் பக்கம், பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அதே ஆண்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனிச் சிறப்பு விதிகள் வந்தன. இன்று ஒரு பள்ளி வக்கீல் ஜூன் மாதத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பேருந்தின் தகுதிச் சான்று எந்தத் தேதியில் முடிகிறது என்பதுதான்.

கும்பகோணத்தைச் சொல்லாமல் இந்தப் பகுதியை எழுத முடியாது. 2004 ஜூலை 16. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், கூரை வேய்ந்த வகுப்பறை, பக்கத்தில் சத்துணவு அடுப்பு. தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். விசாரணையைச் சந்தித்தவர்களில் பள்ளி நிர்வாகிகளோடு கல்வித் துறை, நகராட்சி அலுவலர்களும் இருந்தார்கள். தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது பத்தாண்டு கழித்து, 2014 ஜூலை 30-ல். 10 பேருக்குத் தண்டனை, 11 பேர் விடுதலை. நிறுவனருக்கு விதித்த ஆயுள் தண்டனையை 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, சிறையில் கழித்த காலமாகக் குறைத்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடிய வக்கீல்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எனக்குள்ள கேள்வி 2004-க்கு முந்தையது. அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும்போதும் கட்டட உரிமத்தில் கையெழுத்தாகும்போதும் சட்டம் தெரிந்த ஒருவர் அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்தாரா? இந்தத் தீவிபத்தை முன்வைத்துத் தொடுத்த வழக்கில்தான் 2009-ல் உச்ச நீதிமன்றம், கல்வி உரிமை என்பது பாதுகாப்பான பள்ளியையும் சேர்த்தது என்று சொல்லி, நாடு முழுவதும் பள்ளிகளில் ஆறு மாதத்துக்குள் தீயணைப்புக் கருவிகள் வைக்க உத்தரவிட்டது.

யாருடைய வக்கீல்?

உள்ளாட்சி வக்கீல்களை யார் நியமிக்கிறார்கள் என்பதும் பேச வேண்டிய விஷயம். ஆட்சி மாறினால் அரசு வக்கீல்கள் பட்டியல் மாறுகிறது. உள்ளாட்சிகளின் பட்டியலும் பின்னாலேயே மாறுகிறது. கட்சியின் வழக்கறிஞர் அணியில் உழைத்ததற்குக் கைம்மாறு என்று இதைப் பார்ப்பவர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். அரசுக்கு வக்கீல் வைப்பது தயவு தாட்சண்யமல்ல, தகுதி பார்த்து வெளிப்படையாக நடக்க வேண்டும் என்று 2016-ல் பஞ்சாப், ஹரியாணா தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்டணமோ சொற்பம், அதுவும் பில் போட்டு மாதக்கணக்கில் காத்திருந்து வாங்க வேண்டும். திறமையானவர் ஏன் வருவார், வந்தவர் ஏன் தங்குவார்?

தங்குபவருக்கும் யார் தன் கட்சிக்காரர் என்ற குழப்பம் தீராது. ஆணையர் ஒன்று சொல்வார், மன்றம் வேறு தீர்மானம் போடும், தலைமைச் செயலகம் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும். 2025 ஆகஸ்ட்டில் சென்னை ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவருக்குப் பணி நிரந்தரம் என்கிறது 1981-ம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். துப்புரவுப் பணியாளர்கள் அந்தச் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வரும்போதெல்லாம், அது இவர்களுக்குப் பொருந்தாது என்று எழுந்து நின்று சொல்ல வேண்டியவர் இந்த வக்கீல்தான். காலையில் தன் வீட்டு வாசலைக் கூட்டியவருக்கு எதிராகப் பத்தரை மணிக்கு வாதம். சட்டத் தொழிலில் இது சகஜம் என்பார்கள். சகஜமாகவே இருக்கட்டும், சுலபம் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஒரு திருமண பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன 23 வயது மென்பொருள் பொறியாளர் தண்ணீர் லாரியில் சிக்கி இறந்தார். பேனர்களுக்கு எதிராக உயர் நீதிமன்றம் அதற்கு முன்பே பலமுறை உத்தரவு போட்டிருந்தது. அந்த உத்தரவுகளின் நகல்கள் வக்கீல்களின் கடிதத்தோடு அலுவலகங்களுக்குப் போயிருக்கும், தபால் பிரிவில் முத்திரையும் விழுந்திருக்கும். பேனரைக் கழற்ற வேண்டியது வக்கீலின் கை இல்லை. ஆனால் உத்தரவைக் கடிதத்தோடு அனுப்பிவிட்டு அடுத்த வழக்குக்குப் போகிறவர் ஒருவகை; ‘கழற்றியாயிற்றா, போட்டோ அனுப்புங்கள்’ என்று வாரம் ஒரு முறை ஆணையரை நச்சரிப்பவர் இன்னொரு வகை. முனிசிபாலிட்டிக்கு வேண்டியவர் இரண்டாமவர். பல ஊர்களில் பட்டியலிலிருந்து முதலில் நீக்கப்படுபவரும் அவரே.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதி, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, உங்கள் ஊர் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். கடந்த ஐந்து ஆண்டில் நகராட்சி எத்தனை வழக்கில் ஒருதலைப்பட்சமாகத் தோற்றது? தீர்ப்புத் தொகை போக, வட்டியாக மட்டும் எவ்வளவு கட்டியது? மக்கள் நீதிமன்றத்தில் எத்தனை வழக்கை முடித்தது? மூன்றே கேள்வி. பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம்.